பிள்ளை பெருத்துவிடக் கூடாது

டாக்டரம்மா கேட்டது சாதாரணக் கேள்விதான். "இவர் வயித்துல இருந்தப்போ நீங்க நல்லா சாப்பிட்டீங்களாம்மா?"

என் தங்கை ராமலட்சுமி சிரித்துவிட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அந்த ஆஸ்பத்திரி. மனசுக் கோளாறு பார்க்கிற டாக்டரம்மா வாரம் ஒருநாள் வெளியூரிலிருந்து வந்து மாடி அறையில் உட்காருவார். ஆடித் தேருக்குக் கொஞ்ச நாள் முந்தி. காற்று புழுதியை அள்ளிவந்து ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. கீழே பால்கோவாக் கடையில் பால் சுண்டுகிற வாசனை படியேறி வந்தது. ராமலட்சுமி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் அவள் மகன் கணேசன். அவன் தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதுக்குட்டி சிரிக்க?" என்று அடிக்குரலில் கேட்டேன்.

"இல்லண்ணே. இம்புட்டு வருசத்துல அத யாரும் கேட்டதில்ல. மொத ஆளா இவுக கேக்காக."

கணேசன் ஃபேனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: "மாமா, கேள்வியெல்லாம் அம்மாகிட்டயே கேக்காங்க. கோளாறு எனக்கா அம்மாவுக்கா? மொதல்ல அதப் பேசி முடிங்க. நான் போயி டீ குடிச்சிட்டு வாரேன்."

டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த முகத்தோடு அடுத்த கேள்வியைக் கேட்டார். பிறந்தபோது பிள்ளை எடை எவ்வளவு?

"எடையா? அதெல்லாம் யாரு போட்டுப் பாத்தா? கோழிக்குஞ்சு கணக்கா இருந்தான். எங்க அத்தை ஒத்தக் கையில ஏந்திக்கிட்டு வந்து தெருவுக்கே காட்டுனாக. பிள்ளை பெருத்துரக் கூடாதுன்னு நாங்கதான் வயித்தக் கட்டிக்கிட்டு இருந்தோமே!"

இதை அவள் பெருமையாகத்தான் சொன்னாள். படிக்காத பொம்பளை என்று நினைத்துவிடாதீர்கள், நானும் விவரமாகத்தான் பிள்ளை பெற்றேன் என்பதுபோல.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. கொஞ்ச நேரம்தான். பிறகு மறுபடி எழுத ஆரம்பித்தது. ஆனால் அது நின்றதை ராமலட்சுமி பார்த்துவிட்டாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போய் ஒளிவது என்று தெரியாமல் அங்கேயே கிடந்தது.

பஸ்ஸே மாமியார்

என் பிழைப்பையும் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஓடிய தனியார் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. பள்ளிக்கூடப் படிப்பு பாதியில் போனவன். பொட்டலம் கட்டி வந்த தாளையும், பஸ்ஸில் ஏறுகிறவர்கள் வாயையும் படித்து வளர்ந்தவன்.

பஸ்ஸில் ஒரு பிள்ளைத்தாச்சிப் பெண் ஏறிவிட்டால் போதும், மொத்த பஸ்ஸும் அவளுக்கு மாமியார் ஆகிவிடும். இடம் கொடுக்கிற கையோடு புத்தியும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

"எத்தன மாசம் தாயி? அன்னாசி திங்காத."

"வெயில்ல நிக்காதட்டி, பிள்ளை கருத்துரும்."

"நீ நெழலுலயா பெறந்த மதினி? ஒன்னப் பாத்தா அப்படித் தெரியலயே!"

இப்படிச் சிரிப்பாகத்தான் போகும். ஆனால் கடைசியில் ஒரு விஷயத்தில் மட்டும் பஸ்ஸுக்குள் இரண்டு கட்சி கிடையாது. கீரைக்கூடைக்காரி சொல்வாள், பஞ்சாலைக்குப் போகிற பெண் சொல்வாள், வேதக்கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்குப் போகிற டீச்சர்கூடத் தலையாட்டுவார்: "கண்டதையும் அள்ளித் திங்காத. பிள்ளை பெருத்துட்டா வெளிய வராது. கத்தி போட்டுத்தான் எடுக்கணும்."

இரண்டு பேருக்குச் சாப்பிடு என்று சொல்கிற ஊர்களும் இருக்கின்றனவாம். எங்கள் பக்கம் ஒரு ஆளுக்கும் குறைவாகச் சாப்பிடு என்பதுதான் பேச்சு. கொடுமைக்காரர்கள் அப்படிச் சொல்லவில்லை. பாசம் உள்ளவர்கள்தான் சொன்னார்கள். அதுதான் இதில் உள்ள பெரிய துக்கம்.

பேச்சியம்மாள் என்ற மாமியார்

ராமலட்சுமியைத் தேவதானத்தில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை கட்டட வேலைக்காக வெளியூர் வெளியூராகப் போகிறவர். வீட்டில் மாமியார் பேச்சியம்மாளும் மருமகளும் மட்டும்தான். நெல் வயல் கொஞ்சம், ஒரு பசு, கொல்லையில் ஒரு முருங்கை.

பேச்சியம்மாளுக்கு ஒரு மகள் இருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். ஒரே மகள் என்று கேட்டதையெல்லாம் ஆக்கிப் போட்டிருக்கிறார் பேச்சியம்மாள். பிள்ளை பெரிய பிள்ளையாம். தலை திரும்பாமல் அடைத்துக்கொண்டு, ராஜபாளையத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே தாயும் போய், பிள்ளையும் போயிற்று. அவரைக் கேட்டால் ஒரே வரியில் சொல்வார்: "எங்கையாலயே ஊட்டிக் கொன்னுட்டேன்."

அந்த வீட்டுக்குத்தான் என் தங்கை போனாள். அவளுக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்த அன்றைக்கே பேச்சியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். "நீயாவது எனக்கு உசுரோட வேணும் தாயி. நான் சொல்லுதபடி கேளு."

அவர் சொன்னபடி என்றால், காலையில் நீராகாரம். மத்தியானம் பாதித் தட்டு. பருப்பு வாய்வு, முட்டை சூடு, பால் குடித்தால் பிள்ளை உடம்பில் வெள்ளையாக மாவு படியும். பொழுது சாய்ந்த பிறகு ஒன்றும் கிடையாது. தட்டில் கை வைத்துக் கொஞ்ச நேரம் ஆனால், "போதும் தாயி, எந்திரி" என்று குரல் வரும். நல்ல மனசோடு வருகிற குரல்.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேச்சியம்மாளும் அந்த மாதங்களில் பாதித் தட்டுதான் சாப்பிட்டார். "வயித்துப்பிள்ளைக்காரி பட்டினி கெடக்கும்போது நான் நெறையத் தின்னா அடுக்குமா?" என்பாராம். அப்படிப்பட்ட மனுஷியை எந்த இடத்தில் நிறுத்தி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்பது?

அதே சமயத்தில் தொழுவத்தில் பசுவும் சினையாக இருந்தது. அதற்குப் பருத்திக்கொட்டை ஊற வைத்து ஆட்டி, தவிட்டோடு கலந்து வைக்கிற வேலை ராமலட்சுமிக்கு. அங்கன்வாடியில் கொடுத்த சத்துமாவும் அதன் தொட்டிக்குத்தான் போயிற்று.

"கன்னுக்குட்டி பெருக்காதா அத்தேன்னு ஒரு நாளு கேட்டுட்டேன்ணே" என்று பின்னாளில் என்னிடம் சொல்லியிருக்கிறாள். "அதுக்கு அவுக, 'ஏட்டி, மாடு நாலு கால்ல நிக்கி, நீ ரெண்டு கால்ல நிக்க. ரெண்டும் ஒண்ணா?'ன்னாக. நானும் ஆமான்னுட்டேன். எனக்கென்ன தெரியும்? ஆனா அந்தப் பருத்திப்பால் வாசனை இருக்கே… யாரும் பாக்காதப்ப வெரல விட்டு நக்கிருக்கேன்."

நர்சம்மா வீடு தேடி வந்து கொடுத்த சத்து மாத்திரைகள் முருங்கை மூட்டில் புதைக்கப்பட்டன. மாத்திரை தின்றால் பிள்ளை பெருக்கும், கறுக்கவும் செய்யும் என்று ஊருக்கே தெரியும். நர்சம்மா கேட்டால், "தின்னாச்சு தாயி, எல்லாம் தின்னாச்சு" என்று பேச்சியம்மாளே பதில் சொல்லிவிடுவார்.

கட்டுச்சோறு கொண்டுபோன நாள்

எங்கள் பக்கம் பொறந்த வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுபோவது வழக்கம். புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் எல்லாவற்றையும் தூக்குவாளிகளில் கட்டி, வளையல், மஞ்சள், பூவோடு பிள்ளைத்தாச்சி வீட்டுக்குப் போக வேண்டும். நாற்காலியில் உட்கார வைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, கை நிறைய வளையல் போட்டு, பிறகு இலை போடுவார்கள். அந்த ஒரு நாள் அவளை யாரும் தடுக்கக் கூடாது என்பதும் வழக்கம்தான்.

பஸ் ஓனரிடம் லீவு சொல்லிவிட்டு நானும் போயிருந்தேன். ராமலட்சுமியைப் பார்த்ததும் எங்கள் அம்மா, "என்னட்டி, வளையல் தோள்பட்ட வரைக்கும் ஏறுது!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வளையல்காரர்கூடச் சிறுபிள்ளை அளவு வளையல் எடுத்துத்தான் போட்டார். மெலிந்த பிள்ளைத்தாச்சியைப் பார்த்து வந்திருந்த பெண்களுக்கெல்லாம் சந்தோஷம். "அம்சமா வச்சிருக்காக மாமியாரு. வயிறு மட்டும்தான் தெரியுது."

இலை போட்டதும் அவள் சாப்பிட ஆரம்பித்தாள். பேசவில்லை. தலை நிமிரவில்லை. புளிச்சோறும் பொங்கலும் கலந்து போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கையால் இலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, யாரோ இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோலச் சாப்பிட்டாள். "மெதுவா, மெதுவா. மாப்பிள்ளை வீட்டுல சோறே போடலன்னு பேராயிரும்" என்று ஒரு சின்னம்மா சொல்ல, மறுபடி சிரிப்பு.

நாங்கள் புறப்படுவதற்குள் அவ்வளவையும் கொல்லையில் வாந்தி எடுத்துவிட்டாள். வயிறு பழக்கம் விட்டுப்போயிருந்தது. பேச்சியம்மாள் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பிரசவத்துக்கு எங்களோடு அனுப்பச் சொல்லி அம்மா கேட்டதற்கு மட்டும், "எங்கண்ணு முன்னாலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

இருமுகிற நேரத்தில்

கணேசன் பிறந்ததைப் பற்றி இன்றைக்கும் தேவதானத்தில் பேசுவார்கள். வலி எடுத்தது, ஆட்டோவுக்கு ஆள் போனது, ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் பிள்ளை வீட்டிலேயே வந்துவிட்டது. "இருமுற நேரத்துல பெத்துட்டா" என்றார்கள்.

பேச்சியம்மாளுக்கு அன்றைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மகளோடு புதைத்த சிரிப்பை அன்றைக்குத்தான் வெளியே எடுத்தார் என்று மாப்பிள்ளை சொல்வார். அதற்குப் பிறகு தெருவில் யாருக்கு மசக்கை என்றாலும் பேச்சியம்மாளைத் தேடி வந்தார்கள். "வயித்தக் காக்கணும்ட்டி. நான் எம்மருமகள எப்படி வச்சிருந்தேன்?" என்று ஆரம்பிப்பார். எத்தனை வீட்டில் எத்தனை தட்டு பாதியாயிற்றோ, யார் கண்டது.

கணேசன் மெள்ளத்தான் நடந்தான், மெள்ளத்தான் பேசினான். அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு நன்றாக வரும். பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட மட்டும் வராது. கல்யாண வீட்டுக்குப் போனால் செருப்புக் கிடக்கிற இடத்தில் தனியாக நின்று ஜோடி சேர்த்துக்கொண்டிருப்பான். "தங்கமான பிள்ளை, இருக்குற எடம் தெரியாது" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

படித்து முடித்ததும் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் சேர்ந்தான். பஸ்ஸில் என்னோடுதான் சில நாள் வருவான். தலைமயிரில் பஞ்சு ஒட்டியிருக்கும். "மாப்ள, கெழவனாயிட்டியே!" என்றால் தட்டிவிட்டு வெட்கமாகச் சிரிப்பான்.

மிஷின் பேசியது

ஒருநாள் ஷிப்ட் நடுவில் ஓடுகிற மிஷினை நிறுத்திவிட்டான். சூப்பர்வைசர் ஓடிவந்து ஏன் என்று கேட்டதற்கு, "எம்பேரச் சொல்லுது சார். ரொம்ப நேரமா சொல்லுது. என்னன்னு கேக்கணும்ல?" என்றிருக்கிறான்.

முதலில் கிண்டல் என்று நினைத்தார்கள். பிறகு அவன் சாப்பாட்டுத் தூக்கை மற்றவர்கள் மாற்றி வைக்கிறார்கள் என்றான். குளிப்பதை விட்டான். வீட்டில் ரேடியோவைத் துணி சுற்றி மூடினான். ஆலையில் நல்ல மாதிரியாகத்தான் சொல்லி அனுப்பினார்கள்: "சரியாகட்டும், பொறவு வரட்டும்."

காத்துக்கருப்பு என்றார்கள், செய்வினை என்றார்கள். கோயில், தர்கா, ஜெபக்கூட்டம் எதையும் ராமலட்சுமி விடவில்லை. அவன் கையில் கட்டிய கயிறுகள் முழங்கை வரைக்கும் ஏறின. ஒரு நாள் அவற்றையெல்லாம் பார்த்துவிட்டுக் கணேசனே கேட்டான்: "எம்மா, இம்புட்டுக் கயித்தப் போட்டுக் கட்டியும் உள்ள இருக்குறது ஓட மாட்டேங்குதே, வாசல அடச்சிட்டியோ?"

அவனுக்கு அந்தக் குசும்பு மட்டும் போகவில்லை. அதனால்தான் எங்களுக்கு நம்பிக்கையும் போகவில்லை. ஒரு நல்ல பேச்சு பேசுவான்; ஆகா, பிள்ளை திரும்பிவிட்டான் என்று நிமிர்ந்து உட்காருவோம். அடுத்த நிமிஷம் சுவரைப் பார்த்து யாரோடோ சண்டை போட ஆரம்பித்துவிடுவான். நம்பிக்கை வந்து வந்து போவதைவிட ஒரேயடியாகப் போய்விடுவது நல்லது என்று ராமலட்சுமி அழாமல் சொன்ன நாள் உண்டு.

அப்புறம்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் மாடி அறை.

பேனா நின்ற பிறகு

மனச்சிதைவு என்று டாக்டரம்மா அந்த வியாதிக்குப் பேர் சொன்னார். மாத்திரை உண்டு, விடாமல் சாப்பிட வேண்டும், வேலைக்குப் போகிறவர்கள்கூட உண்டு என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். ராமலட்சுமி எதையும் காதில் வாங்கவில்லை.

"நான் சாப்பிடாததுனாலயா டாக்டர்?"

டாக்டரம்மா பதறிப்போனார். அந்தக் கேள்வியை எல்லாரிடமும் கேட்பதுதான் வழக்கம் என்றார். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு விளக்கினார். எனக்குப் புரிந்தமட்டும் சொல்கிறேன். வயிற்றுக்குள் பிள்ளையின் மூளை மாதத்துக்கு மாதம் கட்டப்படுகிறதாம். அந்தச் சமயத்தில் தாய்க்கு இரும்புச் சத்தோ புரதமோ மொத்தச் சாப்பாடோ ரொம்பக் குறைந்தால், கட்டுமானத்தில் எங்கேயாவது பலம் குறையலாம். அது பிறந்தபோது தெரியாது. வளர்ந்து, வாலிபத்தில் ஒரு நெருக்கடி வரும்போது தெரியலாம். தெரியாமலே போகவும் செய்யலாம்.

"ஆனா இதுதான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. பரம்பரை இருக்கு, இன்னும் என்னென்னமோ இருக்கு. நல்லா சாப்பிட்ட தாய்மார் பிள்ளைகளுக்கும் இது வருது. பட்டினி கிடந்தவங்க பிள்ளைங்க நிறையப் பேர் நல்லாத்தான் இருக்காங்க. உங்க தப்புன்னு நான் சொல்லல. தயவுசெஞ்சு அப்படி எடுத்துக்காதீங்க."

அவர் நியாயமாகத்தான் பேசினார். இதைவிட நியாயமாக ஒரு மனுஷி பேச முடியாது. ஆனால் "இல்லை" என்ற ஒரு சொல்லை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவளுக்கு அது கிடைக்கவில்லை. டாக்டரம்மாவிடம் அது இருந்தால்தானே கொடுப்பார்?

படியிறங்கும்போது கணேசன் முன்னால் போய்விட்டான். ராமலட்சுமி பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எனக்குத் தெரிந்த பாஷையில் தேற்றப் பார்த்தேன்.

"கம்மாக் கரை ஒடஞ்சா எந்த ஓடைத் தண்ணி ஒடச்சதுன்னு யாருட்டி சொல்ல முடியும்? நாலு பக்கமும் இருந்துல்லா வருது."

"மத்த ஓடையெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே" என்றாள். "எங்கிட்டருந்து போனது எனக்குத் தெரியும்லா."

அவள் கையைப் பிடித்து மிச்சப் படிகளை இறக்கிக் கூட்டிவந்தேன்.

மாமியாரும் மருமகளும்

ஊருக்கு வந்து அவள் மாமியாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சியம்மாளுக்கு இப்போது கண் மங்கல். ஆனாலும் வெங்காயம் உரிப்பார், கோழி அடைப்பார், தெருவில் போகிறவளை நடைச் சத்தத்தை வைத்தே பேர் சொல்லிக் கூப்பிடுவார்.

ஒரு காலையில் நான் போயிருந்தபோது தெருப்பெண் ஒருத்தி முழுகாமல் இருக்கிற செய்தியைச் சொல்ல வந்தாள். பேச்சியம்மாள் வழக்கம்போல, "பிள்ளை பெருத்துராமப் பாத்துக்கோட்டி" என்று ஆரம்பித்தார். அடுப்படியில் இருந்த ராமலட்சுமி கரண்டியோடு வெளியே வந்தாள்.

"அத்தே, அத இனிமே யாருக்கும் சொல்லாதிய."

"ஏன்? ஒனக்கு நல்லதுதான நடந்துச்சு?"

"எம்பிள்ளைக்கு?"

வந்தவள் மெள்ள நழுவிவிட்டாள். ராமலட்சுமி டாக்டரம்மா சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். கத்தவில்லை. சமையல் சொல்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். இரும்புச் சத்து. மாத்திரை. பருப்பு. முட்டை. பேச்சியம்மாள் வெங்காயம் உரிக்கிற கையை நிறுத்தாமல் கேட்டார். முடித்த பிறகும் வெகுநேரம் உரித்துக்கொண்டே இருந்தார்.

"எம்மகளுக்கு நெஞ்சு நெறையப் போட்டேன், செத்தா" என்றார். "ஒனக்குக் கொறச்சுப் போட்டேன், நீ பொழச்ச. அப்ப எவகிட்ட போயிக் கேப்பேன், இது சரியா அது சரியான்னு? கேட்டிருந்தாலும் எவ சொல்லிருப்பா?"

உரித்த வெங்காயத்தை ஒரு பக்கமாகத் தள்ளினார்.

"என்னய வையணும்னா வையி தாயி. வாய் விட்டு வையி. எனக்கும் மனசு செத்த ஆறும்."

ராமலட்சுமியால் முடியவில்லை. வைவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்றுதான் அவள் அத்தனை நாளும் உள்ளுக்குள் தேடிக்கொண்டிருந்தாள். கிடைத்த ஒரே ஆளும், தன்னோடு சேர்ந்து பாதித் தட்டு சாப்பிட்டவராக இருந்தார். இரண்டு பேரும் எதிர் எதிரே உட்கார்ந்து மிச்ச வெங்காயத்தை உரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வருவதற்கு அது ஒரு சாக்கு.

பசி

மாத்திரை வேலை செய்தது. அதை மறைக்கக் கூடாது. சுவரோடு சண்டை நின்றது. குளித்தான், துணி மாற்றினான், ரேடியோவின் துணியை அவனே அவிழ்த்தான். ஆனால் அந்தக் குசும்பும் போய்விட்டது. கேட்டால் பதில் சொல்வான், கேட்காவிட்டால் இல்லை. சண்டைக்காரனையும் கிண்டல்காரனையும் சேர்த்து வெளியே அனுப்பிவிட்டு வீட்டைப் பூட்டிய மாதிரி இருந்தது.

அந்த இடத்தில் பசி வந்து உட்கார்ந்தது. சில மாத்திரைகள் அப்படிச் செய்யுமாம். எம்புட்டுச் சாப்பிட்டாலும் வயிறு நிறைந்தது என்கிற செய்தி தலைக்குப் போகாதாம்.

ராமலட்சுமிக்கு முதலில் அது சாமி கொடுத்த வரமாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் கழித்து அவளுக்கு ஒரு வாய்ப்பு. பருப்பு, முட்டை, கீரை, மீன் என்று ஆக்கிக் குவித்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்பும்போதெல்லாம் பால்கோவா வாங்குவாள். வந்து நிற்பது எதிர்த்திசையில் போகிற பஸ்ஸா, நம்ம ஊர்ப் பக்கம் போகிற பஸ்ஸா என்றுகூடப் பார்க்காமல் அவன் பொட்டலத்தைப் பிரித்துத் தின்னுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். "பாருண்ணே, எப்படித் திங்கான்!" அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் அவள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

அவன் ஊதினான். சட்டைகள் பற்றவில்லை. நடந்தால் மூச்சு வாங்கியது. சோதித்துப் பார்த்ததில் சர்க்கரை ஏறிக் கிடந்தது. டாக்டரம்மா மாத்திரையை மாற்றிப் பார்த்தார். மாற்றியதும் மிஷின் மறுபடி பேச ஆரம்பித்தது. பழைய மாத்திரைக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

"சாப்பாட்டைக் குறைங்கம்மா" என்றார். "வேற வழியில்ல. கேட்டாலும் குடுக்காதீங்க. இந்த வயசுல சர்க்கரை இப்படி ஏறுனா ஆபத்து."

ராமலட்சுமி இந்த முறை சிரிக்கவில்லை. "சரிங்க டாக்டர்" என்றாள்.

போன மாதம் ஒரு மத்தியானம் நான் அங்கே இருந்தேன். கணேசன் சாப்பிட்டு முடித்துவிட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தான். அளந்து போட்ட சோறு. "எம்மா, பசிக்கி" என்றான். அவள் காது கேட்காதவள் மாதிரிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மறுபடியும் சொன்னான். கோபமில்லை, அழுகையில்லை, ஒரே குரல். பேச்சியம்மாள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கணேசன் எழுந்து, தட்டை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றான்.

அந்த வீட்டுக்குச் சோழபுரத்திலிருந்து ஒரு பெண் புதிதாகக் குடிவந்திருந்தாள். இந்தக் கதை எதுவும் தெரியாது. "அக்கா, கொஞ்சம் சோறு இருந்தாப் போடுங்க" என்று அவன் கேட்டதும் ஓடிப்போய்ச் சட்டியோடு வந்தாள். ஒரு கரண்டி போட்டாள். அவன் படியிலேயே உட்கார்ந்து, ஒரு கையால் தட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தின்ன ஆரம்பித்தான். அவன் தின்கிற வேகத்தைப் பார்த்து அவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. எங்கள் வாசலைப் பார்த்துக் குரலெடுத்தாள்.

"ஏக்கா, பெத்த பிள்ளைக்கு வயிறு நெறையச் சோறு போடமாட்டியளா? பிள்ளை இப்படி வயிறு காஞ்சு கெடக்கானே, நீங்கள்லாம் ஒரு தாயா?"

ராமலட்சுமி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்ல அவளிடம் பதில் இருந்தது. மாத்திரை, சர்க்கரை, டாக்டர் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். நான் வாயைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்து அமுக்கினாள்.

"சொல்லட்டும்ணே" என்றாள். "அவன் வயித்துல இருந்தப்ப யாரும் கேக்கல. இப்பவாவது ஒருத்தி கேக்கட்டும்."

கணேசன் தட்டைக் காலி செய்துவிட்டு மறுபடி நீட்டினான். அந்தப் பெண் இரண்டாவது கரண்டியை அள்ளிவிட்டாள். அப்போதுதான் என் தங்கையின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள் போலிருக்கிறது. போடவா வேண்டாமா என்று கேட்பதுபோல, கரண்டியைத் தட்டுக்கு மேலே பிடித்தபடி அப்படியே நின்றாள். ராமலட்சுமி போடு என்று தலையாட்டவும் இல்லை, வேண்டாம் என்று கை காட்டவும் இல்லை.